கப்பல் வந்து நிற்கிற ஊர்: ஸ்வால்பார்ட் பயணக் குறிப்புகள்

ஜூலை 14, 2025, திங்கள் – லாங்யியர்பியென்

என் பெட்டி வந்து சேரவில்லை. தம்பியுடையது முதல் ஆளாக வந்து விழுந்தது, என்னுடையதைக் காணோம். கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு, கையுறை எல்லாம் அதற்குள்ளேதான். வெளியே 5 டிகிரி, சாரலோடு காற்று. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டி, "நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும்" என்றார். என் மெல்லிய சட்டையைப் பார்த்ததும் உள்ளே போய், யாரோ விட்டுப்போன பெரிய நீல ஜாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். "பெட்டி கிடைத்ததும் திருப்பிக் கொடுங்கள்." பெயர்கூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் குளிர் என்றால் விளையாட்டில்லை, அதை எல்லோரும் அறிந்தே நடந்துகொள்கிறார்கள் என்று முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்தது.

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் முக்கிய ஊர் லாங்யியர்பியென். 78 டிகிரி வடக்கு. சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். ஊரைத் தாண்டி வேறெந்த ஊருக்கும் சாலை கிடையாது. பனிக்காலத்தில் பனி ஸ்கூட்டர், கோடையில் படகு, அவ்வளவுதான். நார்வேக்கு உட்பட்ட இடம் என்றாலும் 1920-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒட்டி மற்ற நாட்டவரும் விசா இல்லாமல் இங்கே வந்து குடியேறலாம்.

நார்வேயின் வடக்கில் இருக்கும் ட்ரோம்சோ நகரில் வேலை பார்க்கும் தம்பி முதலில் கப்பல் பயணத்துக்குத்தான் பணம் கட்டுவதாக இருந்தான். நான்தான் வேண்டாம் என்றேன். கப்பல் மேல்தளத்திலிருந்து ஊரைப் பார்த்தவர்கள் எழுதியது ஏராளமாக இருக்கிறது. ஊரிலிருந்து கப்பலைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

விமான நிலையம் இருக்கும் நிலமுனைக்கு ஹோட்டெல்நெசெட் என்று பெயர். 1896-இல் ஒரு நார்வே கப்பல் கம்பெனி அங்கே விடுதி கட்டி, கோடையில் பயணிகளைக் கூட்டி வந்திருக்கிறது. அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யியர் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கி, ஊர் அவர் பெயரில் முளைத்தது 1906-இல். ஆக, இங்கே சுற்றுலா சுரங்கத்துக்கும் மூத்தது.

தங்கும் விடுதி பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். வாசலிலேயே செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நிலக்கரித் தூசு வீட்டுக்குள் வரக்கூடாது என்று தொடங்கிய வழக்கம், அருங்காட்சியகம் வரை இன்னும் நிற்கிறது. கோயிலுக்குள் நுழைவது போல இருந்தது எனக்கு. இரவு மீன் சூப் 229 குரோனர், நம் பணத்தில் 1,900 ரூபாய்க்கு மேல். காட் மீன், உருளைக்கிழங்கு, பாலாடை. உப்பு மட்டும்தான், காரம் என்கிற பேச்சே இல்லை. ஆனால் சூடு உடம்பெல்லாம் இறங்கியது. பதினோரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பட்டப்பகல். ஆகஸ்டு 23 வரை இங்கே சூரியன் மறைவதில்லை.

ஜூலை 15, செவ்வாய் – ஊருக்குள்

ஊர் எல்லையில் பனிக்கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டி நடப்பவர்கள் கரடியை விரட்டும் கருவியோடுதான் போக வேண்டும், துப்பாக்கியும் கூடவே இருப்பது நல்லது என்கிறார்கள். இல்லையென்றால் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியோடு. பலகை வரைக்கும் போகலாம் என்று நடந்தோம். அங்கே கரடிக்கு முன்னால் ஆலாக்கள் வந்துவிட்டன. ஆர்க்டிக் ஆலா என்கிற சின்ன வெள்ளைப் பறவை, அண்டார்க்டிக் பக்கம் வரை போய்த் திரும்புகிற பறவை. சாலையோரச் சரளைக் கல்லில் முட்டையிட்டிருக்கிறது. கிட்டே போனால் தலையில் கொத்தும். எங்களைக் கடந்துபோன உள்ளூர்ப் பெண் சைக்கிளை நிறுத்தி, "கையில் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், அது உயரமானதைத்தான் கொத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனார். குடையைத் தூக்கிப் பிடித்தோம், சரியாகிவிட்டது.

வீடுகள் எல்லாம் மரத்தூண் மேல் நிற்கின்றன. அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் மண். வீட்டுச் சூடு பட்டு அது இளகக்கூடாது. தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு மேலேயே ஓடுகின்றன. இப்போது அந்த மண்ணே இளகத் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலைச்சரிவில் வரிசை வரிசையாக இரும்புத் தடுப்புகள். 2015 டிசம்பரில் பனிச்சரிவு இறங்கி வீடுகளைத் தள்ளிக்கொண்டு போனதில் இரண்டு பேர் இறந்தார்கள், அதன் பிறகு வந்தவை.

தேவாலயத்தில் காபியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளலாம், கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அங்கே முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரிடம் பேசக் கிடைத்தது. எழுபது வயதுக்கு மேல். நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் போன மாதக் கடைசியில்தான் மூடப்பட்டது. நிலக்கரியில் ஓடிய மின் நிலையம் 2023 அக்டோபரிலேயே நின்றுவிட்டது, இப்போது டீசல்.

"இனி உங்களை நம்பித்தான் ஊர்" என்றார் அவர், எங்கள் இருவரையும் காட்டி. சிரிக்கவில்லை. சுற்றுலாவும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும்தான் மிச்சம். கப்பலே வேண்டாம் என்கிறவர் இல்லை அவர். "எத்தனை கப்பல் என்பதை விட, ஒரே நாளில் எத்தனை பேர் என்பதைத்தான் கேட்க வேண்டும். நாளைக்கு ஒன்று வருகிறது, நீங்களே பாருங்கள்."

ஜூலை 16, புதன் – கப்பல் நாள்

காலை ஏழு மணிக்கே வந்து நங்கூரம் போட்டுவிட்டது. ஊரில் எந்தக் கட்டடமும் அந்த உயரம் இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் என்றார்கள் துறையில். அதாவது ஊரின் மொத்த மக்களை விட அதிகம்.

எட்டரைக்குச் சிறு படகுகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கின. துறையிலிருந்து கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான். பேருந்து போதவில்லை, பெரும்பாலானோர் நடந்தே வந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் இருக்கிற ஒரே கடைத்தெரு நிரம்பிவிட்டது. நாங்கள் முதல் நாள் உட்கார்ந்து காபி குடித்த கடையில் கழிப்பறைக்கு மட்டும் இருபது பேர் வரிசை. கல்லாவில் இருந்த பையன் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "ஆமாம், பயன்படுத்தலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் காபி வாங்கியவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். காலைச் சாப்பாடு கப்பலில் முடிந்திருக்கும், மதியச் சாப்பாடும் அங்கேதான். அதற்கெல்லாம் முன்னாலேயே பணம் கட்டியாகிவிட்டது. ஊரில் செலவழிக்க என்ன இருக்கிறது? காந்தம் ஒட்டிய பனிக்கரடி பொம்மை ஒன்று, 79 குரோனர்.

பயணிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு ஜெர்மானியப் பாட்டி, வாழ்நாளெல்லாம் இங்கே வர ஆசைப்பட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அவரைத் தள்ளிக்கொண்டு வந்த மகளுக்கு ஊரில் என்ன செய்வதென்றே யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐந்து மணி நேரம் கொடுத்து இறக்கிவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நடப்பார்கள், படம் எடுப்பார்கள், கழிப்பறை தேடுவார்கள். சிலர் குடியிருப்புக்குள் போய் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்ததையும் கண்ணால் பார்த்தேன். உள்ளே ஒரு பெண் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து திரையை இழுத்துவிட்டார். பழகிப்போன கை.

மதியம் காற்று நின்றது. கப்பலின் புகைபோக்கியிலிருந்து வந்த மங்கலான பழுப்புப் படலம் ஃபியோர்டின் மேல், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு வரும் கடலின் மேல், அப்படியே தங்கிவிட்டது. கரிய, கெட்டியான கப்பல் எண்ணெயை ஸ்வால்பார்ட் கடல் முழுவதிலும் 2022-இலிருந்து தடை செய்திருக்கிறார்கள். அது சிந்தினால் குளிர்கடலில் பல காலம் அழியாது. ஆகவே இந்தக் கப்பல் எரிப்பது அதைவிட லேசான எண்ணெய்தான். ஆனாலும் நங்கூரம் போட்டு நிற்கும் நேரம் முழுவதும், உள்ளே இருக்கும் அத்தனை சமையலறைக்கும் விளக்குக்கும் இன்ஜின் ஓடியே ஆக வேண்டும்.

தம்பி பொறியாளன். "துறையிலேருந்து கரண்ட் குடுத்தா இன்ஜினை அணைச்சிடலாம் அக்கா, தெற்கே பெர்கன்ல அப்படித்தான் பண்றாங்க" என்றான். ரெண்டு நிமிடம் யோசித்துவிட்டு அவனே தலையை ஆட்டினான். "இங்கே கரண்டே டீசல்லதான் வருது. புகை இடம் மாறும், அவ்வளவுதான்." பெர்கனுக்குப் பின்னால் நார்வேயின் நீர்மின்சாரம் இருக்கிறது, இந்தத் தீவுக்கு மின் கம்பியே கிடையாது. ஒரு பெரிய துறைமுகத்துக்குப் பொருந்தும் தீர்வை எடுத்து ஒரு சின்ன ஊர் மேல் ஒட்ட முடியாது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றரைக்குக் கடைசிப் படகு. நான்கு மணிக்குத் தெருவில் ரெயின்டீர் மான் ஒன்று பூந்தொட்டியை மேய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரப் பையன் குப்பைத் தொட்டியை மூன்றாவது முறையாகக் காலி செய்தான். இந்தக் குப்பை இங்கே எங்கும் போகாது. மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றி, நார்வேக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு ஊருடையது. ஸ்வால்பார்டுக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டோடு சேர்த்து 150 குரோனர் சுற்றுச்சூழல் கட்டணம் 2007-இலிருந்து வாங்குகிறார்கள். எங்கள் விமான டிக்கெட்டிலும் இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து மணி நேரம் வந்தவருக்கும் ஐந்து நாள் தங்குபவருக்கும் ஒரே தொகை. எனக்கு இது சரியாகப் படவில்லை. தங்கத் தங்கக் குறைய வேண்டும், வந்து போகிறவருக்குக் கூட வேண்டும்.

ஜூலை 17, வியாழன் – நி-ஓலெசுண்ட்

நி-ஓலெசுண்ட் என்கிற ஆராய்ச்சி ஊருக்குப் படகில் போய்வர ஆளுக்கு மூவாயிரம் குரோனருக்கு மேல். இந்தப் பயணத்தின் பெரிய செலவு இதுதான். பன்னிரண்டு பேர் ஏறும் மூடிய வேகப் படகு. இஸ்ஃபியோர்டன் என்கிற ஃபியோர்டின் வாய் வரைக்கும் கண்ணாடி மாதிரி தண்ணீர், அதைத் தாண்டியதும் குலுக்கல். எனக்குக் காலை உணவு தங்கவில்லை. பக்கத்தில் இருந்த டச்சு அம்மா தன் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அடுத்த ஒரு மணி நேரம் என் தோளில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

கடல் அடங்கியதும் வழிகாட்டி பேசத் தொடங்கினார். ஸ்வீடன்காரர், முப்பது வயதுக்குள். 1989 ஜூனில் மக்சிம் கார்க்கி என்ற சோவியத் பயணிகள் கப்பல் ஸ்வால்பார்டுக்கு மேற்கே பனிக்கட்டியில் மோதியது. ஏறக்குறைய 950 பேர். நடு இரவில் உயிர்ப் படகிலும் பனிப்பாளத்திலும் இறங்கி நின்றவர்களை நார்வே கடலோரக் காவல்படையின் சென்யா கப்பல் வந்து காப்பாற்றியது. ஒருவரும் சாகவில்லை. "அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்தது" என்றார் வழிகாட்டி. லாங்யியர்பியென் மருத்துவமனையில் சில படுக்கைகள்தான், கடினமான நோயாளியை விமானத்தில் ட்ரோம்சோவுக்கு ஏற்ற வேண்டும். ஆளுநரிடம் இருக்கும் மீட்பு ஹெலிகாப்டர்கள் இரண்டு. நேற்று பார்த்த கப்பலின் உயரம் எனக்கு மறுபடி கண்ணில் வந்தது.

நி-ஓலெசுண்டை நெருங்கியதும் எல்லோருடைய போனையும் ஃபிளைட் மோடுக்கு மாற்றச் சொன்னார்கள். வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது, ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை. தம்பியின் கைக்கடிகாரத்தையும் காதுக் கருவியையும்கூட வாங்கிப் பார்த்து அணைத்தார்கள். விண்ணின் வெகுதொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வைத்துப் பூமியின் சுழற்சியை அளக்கும் பெரிய ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. நம் போனின் சத்தம் அவற்றின் காதை அடைத்துவிடும்.

இதுவும் நிலக்கரி ஊராக இருந்ததுதான். 1962-இல் சுரங்க விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதன் எதிரொலியில் அடுத்த வருடம் நார்வே அரசாங்கமே கவிழ்ந்தது. இப்போது முழுக்க ஆராய்ச்சி ஊர். சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். கொஞ்சம் தள்ளி நம் நாட்டின் ஹிமாத்ரி, 2008 ஜூலையில் திறந்தது. ஆர்க்டிக் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறார்கள். அந்தப் பலகையின் முன்னால் நின்றபோது மனது நிறைந்து போனது, மறைக்க வேண்டியதில்லை.

மலை மேல் 474 மீட்டரில் செப்பலின் ஆய்வகம் தெரிந்தது. உலகக் காற்றில் என்னென்ன மாசு எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் இடம். இங்கே ஊருக்கென்று சொந்தப் புகை அதிகமில்லை, அதனால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே ஒரு கப்பல் நின்று புகைவிட்டால் அளவே கெட்டுவிடும். உலகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வைத்த கருவிக்கு அடியில், அதைப் பார்க்க வந்தவர்களின் புகை.

ஆனால் இந்த ஊர் தன் விதியைத் தானே வைத்திருக்கிறது. சாலையை விட்டு ஒரு அடி இறங்கக்கூடாது, இரண்டு பக்கமும் பறவைக் கூடு. 1926-இல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவின் நோர்கே வான்கப்பல் வட துருவத்தைக் கடக்கக் கிளம்பியபோது அதற்காகக் கட்டிய இரும்புக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்கப் போகவும் துப்பாக்கியோடு ஒருவர் முன்னால் நடந்தார். கடையைக் கப்பலோ படகோ வந்தால்தான் திறக்கிறார்கள். தபால் அட்டை ஒன்று வாங்கி அம்மாவுக்கு எழுதிப் போட்டேன். அங்கே இருந்த நேரம் முழுவதும் ஒருவரும் குரலை உயர்த்திப் பேசவில்லை, போனையும் எடுக்கவில்லை. விதியைத் தெளிவாகச் சொல்லி, கூடவே ஒரு ஆளையும் அனுப்பினால் மனிதர்கள் அழகாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி – மழை

நாள் முழுக்க மழை, மூடுபனி. பெட்டி வந்துவிட்டது, ஒரு சக்கரம் இல்லாமல். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் விடுமுறையில் போயிருந்தார், அவர் மேஜையில் மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் அந்த ஸ்வீடன் வழிகாட்டியைக் கடைத்தெருவில் மறுபடி பார்த்தோம். இந்த ஜனவரி 1 முதல் வந்த விதிகள் பற்றிக் கேட்டேன். பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் கடலுக்குள் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அந்தப் பகுதிகளில் 43 இடங்களில் மட்டும்தான் கரை இறங்கலாம். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

அவருக்கு இதில் வருத்தம் இருந்தது. சின்னக் கப்பல்காரர்கள் 2003-லிருந்தே ஒரு சங்கம் வைத்து, கரை இறங்கும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுவது முதல் ஊருக்குள் எப்படி நடப்பது வரை தாங்களே விதி எழுதிப் பின்பற்றி வந்தவர்கள். பயணிகளைக் கூட்டிப் போய்க் கடற்கரையில் ஒதுங்கிய மீன்வலைகளைப் பொறுக்கியவர்கள். "இப்போது எல்லோரும் அதே 43 இடத்துக்குத்தான் போவோம். அங்கே புல் மிஞ்சுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் நான் அந்த 200-இன் பக்கம்தான். கரையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வழிகாட்டி தன் கண்ணால் பார்க்கக்கூடிய அளவு அது. அந்த வரம்பு லாங்யியர்பியெனுக்குப் பொருந்தாது என்பதுதான் என் குறை. காட்டுக்கு வரம்பு வைத்துவிட்டார்கள், ஊருக்கு இன்னும் வைக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அந்தப் பெண்ணையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூலை 19, சனி – கிளம்பும் நாள்

ஊரில் நார்வேக்காரர்களை அடுத்து அதிகம் இருப்பவர்களில் தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பினோக்களும் உண்டு. தாய்லாந்து அக்கா ஒருவர் சமைக்கும் சின்ன இடத்தில் மதியச் சாப்பாடு, 185 குரோனர். சோறு, கோழி, துளசி, பச்சை மிளகாய். வந்ததிலிருந்து நாக்கு காத்திருந்தது இதற்குத்தான். பெரிய கப்பல் வரும் நாளில் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"அன்றைக்குக் கழிப்பறைதான் கேட்பார்கள்" என்றார். அவருக்குச் சோறு போடுவது சின்னக் கப்பல்கள். அவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன, இங்கேதான் முடிகின்றன. பயணிகள் முன்னும் பின்னும் ஓர் இரவு தங்குகிறார்கள். கப்பல் ஊழியர்கள் கரைக்கு வந்தால் முதலில் தேடுவது சூடான சோறு. பிலிப்பினோப் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து ஆளுக்கு இரண்டு தட்டு வாங்கி உட்காருவார்களாம். தட்டை எடுக்கும்போது, "நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கொஞ்சம் சோறு வைத்தார், அதற்குப் பணம் வாங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு – ட்ரோம்சோ

காலையில் தம்பி வீட்டு பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிரைவிகா துறையில் அதே கப்பல் நின்றது. புதன்கிழமை லாங்யியர்பியெனை மறைத்துக்கொண்டு நின்றதேதான். ட்ரோம்சோவில் 75,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. கடைவீதிக்குப் போனோம். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. காபிக் கடையில் வரிசை இல்லை. கழுத்தில் கப்பல் அட்டை மாட்டியவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"அங்கே அவ்வளவு கூட்டமா தெரிஞ்சுதே அக்கா" என்றான் தம்பி. அதே மூவாயிரம் பேர்தான்.